ஹெட் எங்கே முடிகிறது? தேடுபொறி படிக்கும் விதத்தில் எச்டிஎம்எல் அமைப்பது

நீங்கள் எழுதிச் சேமித்த எச்டிஎம்எல் கோப்பைத் தேடுபொறி அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. பார்சர் என்ற, கோப்பைப் பிரித்துப் படிக்கும் நிரல் அதை வாங்கி, டேக்குகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி ஒரு மரமாக்குகிறது. டாம் என்று சொல்கிறோமே, அதுதான் இந்த மரம். கோப்பில் பிழை இருந்தால் பார்சர் நின்று முறையிடாது. தனக்குள் இருக்கும் விதிப்படி ஒட்டுப்போட்டுக்கொண்டு மேலே போய்விடும். அந்த ஒட்டுப்போடுதலில் டேக்குகள் இடம் மாறும். பக்கம் கண்ணுக்கு அழகாகத்தான் தெரியும். ஆனால் ஹெட்டுக்குள் (பக்கத்தைப் பற்றிய குறிப்புகள் இருக்கும் பகுதி) வைத்ததாக நீங்கள் நினைக்கும் கேனானிக்கல் டேக் (ஒரே உள்ளடக்கம் பல முகவரிகளில் இருந்தால் எது மூலம் என்று சொல்வது), மரத்தில் பாடிக்குள் (திரையில் தெரியும் பகுதி) போய் உட்கார்ந்திருக்கும்.

தேடுபொறிக்கு ஏற்ற கோடு என்றதும் கீவேர்டு அடர்த்தி, எழுத்துக்கும் கோடுக்கும் உள்ள விகிதம், மெட்டா கீவேர்டு என்றெல்லாம் பேச்சு போகிறது. மெட்டா கீவேர்டு டேக்கைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. விகிதத்துக்கு எந்த அடிப்படையும் இல்லை. அந்த நேரத்தை மரம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதில் செலவிடலாம்.

ஹெட் உடையும் விதம்

எச்டிஎம்எல் விதிப்படி ஹெட்டுக்குள் வரத்தக்கவை எட்டே எட்டு: டைட்டில், மெட்டா, லிங்க், பேஸ், ஸ்டைல், ஸ்கிரிப்ட், நோஸ்கிரிப்ட், டெம்ப்ளேட். இவற்றைத் தவிர வேறு எது கண்ணில் பட்டாலும், 'ஹெட் முடிந்தது, பாடி தொடங்கிவிட்டது' என்று பார்சர் முடிவுகட்டும். ஒரு டிவ், ஒரு ஐஃப்ரேம், ஒரு இமேஜ் டேக் போதும். அதற்குப் பிறகு வரும் லிங்க், மெட்டா எல்லாம் பாடியின் பிள்ளைகள். கீழே நீங்கள் முறையாக எழுதியிருக்கும் ஹெட் மூடும் டேக்கைப் பார்சர் கண்டுகொள்ளாது.

பாடிக்குள் இருக்கும் கேனானிக்கலைக் கூகுள் ஏற்பதில்லை. ஏற்றால், வாசகர் மறுமொழியில் ஒரு லிங்க் டேக்கை நுழைத்தே யார் வேண்டுமானாலும் உங்கள் பக்கத்தைத் தன் பக்கத்தின் நகலாகக் காட்டிவிட முடியுமே. மொழிப் பதிப்புகளைக் குறிக்கும் எச்ரெஃப்லாங் டேக்கும் ஹெட்டுக்குள் இருந்தால்தான் செல்லும்.

டிவ், ஐஃப்ரேம் வகையைக் கண்டுபிடிப்பது சுலபம். தொந்தரவு கொடுப்பவை வேறு இரண்டு.

முதலாவது நோஸ்கிரிப்ட். பார்வையாளர் கணக்கெடுப்புக்காகத் தரும் கோடுகளில், ஜாவாஸ்கிரிப்ட் இல்லாதவர்களுக்காக ஒரு நோஸ்கிரிப்ட்டும் அதற்குள் ஒரு பிக்சல் படமும் இருக்கும். அதை அப்படியே ஹெட்டில் ஒட்டிவிடுகிறார்கள். ஹெட்டுக்குள் இருக்கும் நோஸ்கிரிப்ட்டில் லிங்க், ஸ்டைல், மெட்டா மூன்றுக்குத்தான் அனுமதி, படத்துக்கு இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் இயங்கும் பிரவுசரில் நோஸ்கிரிப்ட்டின் உள்ளடக்கம் வெறும் எழுத்தாகக் கருதப்படுவதால் ஒன்றும் ஆகாது. ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் அதே கோப்பைப் படித்தால், படம் வந்த இடத்திலேயே ஹெட் முறிந்துவிடும். பிரவுசருக்குள் இருக்கும் சோதனைக் கருவியான டெவ்டூல்ஸில் எத்தனை முறை பார்த்தாலும் இது தென்படாததற்குக் காரணம் இதுதான். தீர்வு எளிது: படமோ ஐஃப்ரேமோ உள்ள நோஸ்கிரிப்ட்டைப் பாடி திறந்த உடனே வையுங்கள்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது: கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து. சில எடிட்டர்கள் யுடிஎஃப்-8 கோப்பைச் சேமிக்கும்போது முன்னால் 'பைட் ஆர்டர் மார்க்' என்ற மூன்று பைட் குறியைச் சேர்க்கும். பக்கத்தின் முதல் பைட்டில் இருந்தால் பாதகமில்லை. ஆனால் ஹெட்டின் ஒரு பகுதி தனி டெம்ப்ளேட் கோப்பாக இருந்து, அந்தக் கோப்பு இந்தக் குறியுடன் சேமிக்கப்பட்டிருந்தால், குறி ஹெட்டின் நடுவில் வந்து விழும். பார்சரைப் பொறுத்தவரை அது வெற்றிடம் அல்ல, ஓர் எழுத்து. ஹெட்டுக்குள் நேராக எழுத்து வரக் கூடாது. வந்தால் ஹெட் மூடும். பக்கத்தின் உச்சியில் காரணமே புரியாமல் ஒரு வரி இடைவெளி தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். டெம்ப்ளேட்டில் தவறுதலாக ஒட்டிக்கொண்ட ஒரு அரைப்புள்ளியும், அடைப்புக்குறியும் செய்வது இதே வேலையைத்தான்.

சோதிக்க, டெவ்டூல்ஸில் ஜாவாஸ்கிரிப்ட்டை முடக்கி, பக்கத்தை மறுபடி ஏற்றி, எலிமென்ட்ஸ் பலகையில் ஹெட்டை விரித்துப் பாருங்கள். கேனானிக்கல் அதற்குள் இருக்கிறதா, கீழே பாடியின் தொடக்கத்தில் கிடக்கிறதா? 'மூலத்தைக் காட்டு' வசதி இதற்கு உதவாது. அது கோப்பைக் காட்டும், மரத்தைக் காட்டாது.

ஹெட்டுக்குள் வரிசை

முறையான ஹெட்டில் வரிசைக்குத் தரவரிசைப் பலன் எதுவும் கிடையாது. ஆனாலும் வரிசை முக்கியம், காரணம் மேலே சொன்னதுதான்: எங்காவது உடைந்தால், உடைவதற்கு முன் வந்தவை தப்பிக்கும். எனவே சொந்த டேக்குகளை மேலே வைத்து, பிறர் கொடுக்கும் ஸ்கிரிப்ட்களைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

முதல் டேக் கேரக்டர் செட், எழுத்துக் குறிமுறையைச் சொல்வது. அது கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் முழுமையாக வந்துவிட வேண்டும் என்பது எச்டிஎம்எல் விதி. அதற்கு முன்னால் நீண்ட உரிமைக் குறிப்பையோ பெரிய ஸ்கிரிப்ட்டையோ வைத்தால், சர்வரும் ஹெடரில் சொல்லாத நிலையில், பிரவுசர் ஊகிக்கத் தொடங்கும். ஊகம் தவறினால் தமிழ் எழுத்துகள் குப்பையாகும். அடுத்து, திரையின் அகலத்துக்குப் பக்கத்தைப் பொருத்தும் வியூபோர்ட். அதன்பின் டைட்டில், கேனானிக்கல், தேவையிருந்தால் ரோபாட்ஸ் மெட்டா (தேடலில் சேர்க்கலாமா என்று சொல்வது), எச்ரெஃப்லாங், விவரணை (மெட்டா டிஸ்கிரிப்ஷன்). பிறகு ஸ்டைல் கோப்புகள். மற்றவர்களின் கோடு எல்லாவற்றுக்கும் கீழே.

டைட்டிலுக்கு இத்தனை எழுத்து என்று கூகுள் வரம்பு வைக்கவில்லை. முடிவுப் பக்கத்தில் திரையின் அகலத்தைப் பொறுத்து வெட்டப்படுகிறது, அவ்வளவுதான். ஆகவே பக்கத்தின் பொருள் முன்னால், தளத்தின் பெயர் பின்னால். எல்லாப் பக்கத்துக்கும் ஒரே டைட்டில் இருந்தாலோ, டைட்டில் காலியாக இருந்தாலோ, கூகுள் பக்கத்திலிருக்கும் பெரிய தலைப்பு, எச்1, உள்ளே வரும் இணைப்புகளின் சொற்கள் முதலியவற்றிலிருந்து தானே ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். தளத்தின் லோகோவை எல்லாப் பக்கத்திலும் எச்1-க்குள் போடும் பழக்கம் எனக்குப் பிடிக்காததற்கு ஒரு காரணம் இது: அப்படித் தேடி எடுக்கும்போது கட்டுரையின் தலைப்புக்குப் பதில் தளத்தின் பெயர் கைக்கு அகப்படும்.

விவரணை தரவரிசையை உயர்த்தாது. கூகுள் பெரும்பாலும் பக்கத்தின் உரையிலிருந்தே துணுக்கு எடுக்கும். முக்கியமான பக்கங்களுக்கு மட்டும் தனித்தனியாக எழுதுங்கள். ஆயிரம் பக்கத்துக்கு ஒரே விவரணை வைப்பதைவிட வைக்காமல் இருப்பதே மேல்.

கேனானிக்கலில் முழு முகவரி வேண்டும், நெறிமுறையும் டொமைனும் சேர்த்து. பாதி முகவரி எழுதினால், சோதனை சர்வரின் நகல் தப்பித் தவறி வெளியே தெரியும்போது அந்த நகல் தன்னையே மூலமாகச் சொல்லிக்கொள்ளும். 2009-ல் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து அறிமுகப்படுத்திய இந்த டேக் ஒரு பரிந்துரை, கட்டளை அல்ல. சைட்மேப்பில் (தளத்தின் முகவரிப் பட்டியல்) ஒரு முகவரி, உள் இணைப்புகளில் சாய்கோடு சேர்ந்த இன்னொரு முகவரி, கேனானிக்கலில் மூன்றாவது என்று இருந்தால், எதை நம்புவது என்று தேடுபொறி தானே தீர்மானிக்கும். நான்கு இடத்திலும் ஒரே எழுத்துக்கோவை இருக்கட்டும். நான்காவது, 301 என்ற நிரந்தரத் திசைமாற்றம் போய்ச் சேரும் இடம்.

ரோபாட்ஸ் விஷயத்தில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. தேடலில் வரக் கூடாத பக்கத்துக்கு 'சேர்க்காதே' என்னும் நோஇண்டெக்ஸ் மெட்டாவும் வைத்து, தேடுபொறியின் பாட் (பக்கங்களைப் படிக்க வரும் நிரல்) எங்கே நுழையலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பிலும் தடுக்கிறார்கள், இரட்டைப் பூட்டு என்று நினைத்து. ரோபாட்ஸ் கோப்பில் தடுத்த பக்கத்தை பாட் திறக்கவே திறக்காது. திறக்காத பக்கத்தில் இருக்கும் நோஇண்டெக்ஸ் அதற்கு எப்படித் தெரியும்? வெளியிலிருந்து இணைப்பு வந்தால் வெறும் முகவரி தேடலில் தோன்றும். வராமல் இருக்க வேண்டுமானால் நோஇண்டெக்ஸ் மட்டும் போதும், கதவு திறந்திருக்க வேண்டும். ரோபாட்ஸ் கோப்புக்குள்ளேயே நோஇண்டெக்ஸ் எழுதும் வழக்கத்துக்கு 2019 செப்டம்பர் 1 முதல் கூகுளில் ஆதரவு இல்லை. சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் இருக்கும் ஃபோல்டர்களைத் தடுக்காதீர்கள். அவை இல்லாமல் பாட் பக்கத்தைத் திரையில் வருவதுபோல் வரைந்து பார்க்க முடியாது.

பாடிக்குள்: எது உரை, எது சட்டகம்

பழைய காலத்து அறிவுரை ஒன்று இன்னும் உலவுகிறது: உள்ளடக்கத்தைக் கோப்பின் உச்சிக்குக் கொண்டுவா, மெனுவைக் கீழே வைத்து சிஎஸ்எஸ்ஸால் மேலே தூக்கு என்று. இதைச் செய்ய வேண்டாம். டேப் விசையால் நகர்பவர்களுக்கும் ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பவர்களுக்கும் வரிசை தலைகீழாகும். தேடுபொறிப் பலன் எதுவும் இல்லை. மெனுவை நேவ் டேக்கிலும், பக்கத்தின் உயிர்ப்பகுதியை மெயின் டேக்கிலும், கட்டுரையை ஆர்ட்டிக்கிள் டேக்கிலும், அடிப்பகுதியை ஃபுட்டரிலும் வைத்தால் வரிசையை மாற்றாமலே எது எதுவென்று தெரிந்துவிடும். ஒரு பக்கத்துக்கு மெயின் டேக் ஒன்றுதான். இதனால் தரவரிசை ஏறும் என்று சொல்ல மாட்டேன்; பிரவுசரின் வாசிப்பு முறை, ஸ்கிரீன் ரீடர், உங்கள் பக்கத்தைப் பிரித்தெடுக்கும் எந்த நிரலுக்கும் வேலை சுலபமாகும்.

தலைப்பு டேக்குகளைப் பற்றி அளவுக்கு மீறிய பயம் இருக்கிறது. எச்2-க்குப் பிறகு எச்4 வந்தாலோ, இரண்டு எச்1 இருந்தாலோ கூகுள் தண்டிப்பதில்லை. இருந்தாலும் ஒரே எச்1, அதன் கீழ் ஒழுங்கான படிநிலை என்று வைத்துக்கொள்வது வாசகருக்கு நல்லது. உண்மையான தவறு வேறு: தடித்த எழுத்து வேண்டும் என்பதற்காக எச்3-ஐப் பயன்படுத்துவது, உண்மையான தலைப்பை டிவ்வுக்குள் வைத்து சிஎஸ்எஸ்ஸால் பெரிதாக்குவது. தோற்றம் சிஎஸ்எஸ்ஸின் வேலை, பொருள் டேக்கின் வேலை.

இணைப்பு என்றால் அது ஏ டேக், அதற்குள் எச்ரெஃப், அதற்குள் உண்மையான முகவரி. இந்த மூன்றும் இல்லாதவற்றைக் கூகுள் இணைப்பாக நம்பிப் பின்தொடர்வதில்லை. பட்டனில் ஆன்கிளிக் வைத்து பக்கம் மாற்றினால் மனிதர்கள் போவார்கள், பாட் போகாது. 'மேலும் வாசிக்க' என்று இருபது இடத்தில் எழுதுவதற்குப் பதில், போய்ச் சேரும் பக்கத்தின் பெயரையே இணைப்புச் சொல்லாக்குங்கள். பட்டியல் பக்கங்களை 1, 2, 3 என்று பிரித்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி முகவரியும் தன்னையே சுட்டும் கேனானிக்கலும் வேண்டும். எல்லாவற்றின் கேனானிக்கலையும் முதல் பக்கத்துக்குத் திருப்பினால், இரண்டாம் பக்கத்திலிருந்து இருக்கும் பழைய பதிவுகளுக்குப் போகும் பாதையை நீங்களே அடைக்கிறீர்கள்.

படங்களை இமேஜ் டேக்கில், படத்தின் முகவரிக்கான எஸ்ஆர்சியை நிரப்பி வையுங்கள். சிஎஸ்எஸ் பின்னணியாக வைத்த படங்களைக் கூகுள் படத் தேடலில் சேர்ப்பதில்லை. படத்துக்கான மாற்று உரையான ஆல்ட்டில் படத்தில் இருப்பதைச் சொல்லுங்கள், கீவேர்டு பட்டியலை அல்ல. வெறும் அலங்காரப் படமானால் ஆல்ட்டைக் காலியாக விடுங்கள், ஆனால் ஆல்ட் என்ற பண்பையே எழுதாமல் விடாதீர்கள். அகலம், உயரம் இரண்டையும் டேக்கிலேயே எண்ணாகக் கொடுத்தால் படம் வந்து சேருமுன்பே பிரவுசர் இடம் ஒதுக்கிவிடும்; எழுத்து கீழே குதிக்காது. அந்தக் குதிப்பைத்தான் கூகுளின் சிஎல்எஸ் என்ற அளவுகோல் அளக்கிறது, 0.1-க்குள் இருக்க வேண்டும். பக்கத்தின் மிகப் பெரிய உறுப்பு 2.5 வினாடிக்குள் வந்துவிட வேண்டும் என்பது எல்சிபி என்ற அளவுகோல். அதைக் கெடுக்கும் சர்வசாதாரணமான வழி, எல்லாப் படத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு லேசி லோடிங் (தேவைப்படும்போது மட்டும் படத்தை ஏற்றுவது) போடுவது. திறந்தவுடன் தெரியும் முதல் படத்துக்கு அதை எடுத்துவிட்டு, ஃபெட்ச்பிரயாரிட்டி பண்பில் முன்னுரிமை உயர்வு என்று குறியுங்கள். கீழே இருக்கும் படங்களுக்கு மட்டும் லேசி. 2024 மார்ச்சில் எஃப்ஐடி என்ற பழைய அளவுகோலின் இடத்துக்கு வந்த ஐஎன்பி, சொடுக்குக்குப் பக்கம் பதில் தரும் வேகம், 200 மில்லி வினாடிக்குள் இருக்க வேண்டும்; அது பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட்டின் எடையைப் பொறுத்தது. எச்டிஎம்எல்லை ஒழுங்குபடுத்தி அதைச் சரிசெய்ய முடியாது.

ஜாவாஸ்கிரிப்ட் வந்து நிரப்பும் பக்கங்கள்

கூகுள் முதலில் சர்வர் தந்த எச்டிஎம்எல்லைப் படிக்கிறது. பிறகு பக்கம் வரிசையில் நின்று, குரோமியத்தில் (குரோம் பிரவுசரின் அடிப்படை) ஜாவாஸ்கிரிப்ட் இயங்கி, கிடைக்கும் மரம் மறுபடி படிக்கப்படுகிறது. 2019 மே முதல் அந்தக் குரோமியம் புதிய பதிப்போடு ஒத்தே வருகிறது. எனவே 'கூகுளுக்கு ஜாவாஸ்கிரிப்ட் புரியாது' என்பது பழைய கதை. ஆனால் எல்லா பாட்டும் கூகுளின் பாட் அல்ல. ஜாவாஸ்கிரிப்ட்டைத் தொடாமலே போகிறவை பல. முதல் எச்டிஎம்எல்லிலேயே உரை இருந்தால் இந்தக் கவலையே வேண்டாம். வலைப்பதிவு, செய்தி, பொருள் பட்டியல் போன்றவற்றை சர்வரிலேயே உருவாக்கி அனுப்புவதுதான் என் தேர்வு.

வரைந்து பார்க்கும் பாட் செய்யாதவற்றை நினைவில் வையுங்கள். சொடுக்காது. ஸ்க்ரோல் செய்யாது. ஒரு பக்கத்தில் சேமித்த குக்கியை அடுத்த பக்கத்துக்கு எடுத்துப் போகாது. ஆகவே 'மேலும் காட்டு' அழுத்திய பிறகு சர்வரிலிருந்து வரும் உரை அதற்கு இல்லாத உரை. அதே உரை மரத்தில் ஏற்கெனவே இருந்து, சிஎஸ்எஸ்ஸால் மடித்து வைக்கப்பட்டிருந்தால் பிரச்சினை இல்லை. கேள்வி பதில்களை மடிக்க டீட்டெயில்ஸ், சம்மரி டேக்குகள் போதும். ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட் தேவையில்லை.

நோஇண்டெக்ஸ் வைத்து அனுப்பிவிட்டு, பிறகு ஜாவாஸ்கிரிப்ட்டால் அதை நீக்கும் ஏற்பாடு வேலை செய்யாது. நோஇண்டெக்ஸைக் கண்டதும் வரையும் படியையே கூகுள் தவிர்த்துவிடலாம். நீக்கும் கோடு இயங்காமலே போகும். ஒற்றைப் பக்கச் செயலிகளில் இன்னொன்று: இல்லாத முகவரிக்கும் சர்வர் 200 (எல்லாம் சரி) என்று பதில் தந்து, திரையில் மட்டும் 'கிடைக்கவில்லை' என்று காட்டும். இதைப் போலி 404 என்பார்கள். சர்வரிலேயே 404 கொடுங்கள். முடியாவிட்டால் அந்தத் திரையில் ஜாவாஸ்கிரிப்ட்டால் நோஇண்டெக்ஸ் சேருங்கள், இந்தத் திசையில் அது பலிக்கும். பக்கங்களைப் பிரிக்க முகவரியில் ஹேஷ் குறியை நம்ப வேண்டாம், முகவரியை மாற்ற உதவும் பிரவுசர் வசதியான ஹிஸ்டரி ஏபிஐ இருக்கிறது.

ஜேசான்-எல்டி

2011-ல் கூகுள், பிங், யாஹூ சேர்ந்து தொடங்கிய, பக்கத்தின் பொருளை நிரல்களுக்குச் சொல்லும் ஸ்கீமா சொற்களை எழுத மூன்று வடிவங்கள் உண்டு. ஜேசான்-எல்டிதான் பராமரிக்க எளிது, கூகுள் பரிந்துரைப்பதும் அதையே. கட்டுரைக்கு ஹெட்லைன், படம், வெளியான தேதி, திருத்திய தேதி, எழுதியவர், அதோடு ஒரு பிரெட்கிரம்ப் (தளத்துக்குள் பக்கம் இருக்கும் பாதை) போதும். தேதியை நேர மண்டலத்தோடு எழுதுங்கள். பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத எதையும் இதில் சேர்க்காதீர்கள். கேள்வி பதில் ஸ்கீமாவின் சிறப்புக் காட்சியைக் கூகுள் 2023 ஆகஸ்டில் அரசு, மருத்துவத் தளங்கள் அளவுக்குச் சுருக்கிவிட்டது. 'எப்படிச் செய்வது' (ஹௌ டு) ஸ்கீமாவுக்கான காட்சியை நீக்கியேவிட்டது. இன்னும் அவற்றை விற்கும் பிளகின்களுக்காக மெனக்கெட வேண்டாம்.

இங்கே நடக்கும் தவறுகள் எல்லாம் நிறுத்தற்குறித் தவறுகள். கடைசி வரிக்குப் பின் ஒரு காற்புள்ளி மிஞ்சினால் முழுத் தொகுதியும் செல்லாது. சொல் செயலியிலிருந்து ஒட்டிய வளைந்த மேற்கோள்குறி இருந்தாலும் அப்படியே. தலைப்புக்குள் மேற்கோள்குறி வரும் கட்டுரைகளில் மட்டும் ஸ்கீமா உடைகிறது என்றால், டெம்ப்ளேட் எழுத்துகளைக் கையால் ஒட்டிச் சேர்க்கிறது என்று பொருள். ஜேசான் உருவாக்கும் ஃபங்ஷனை வைத்து எழுத வையுங்கள்.

தமிழ்ப் பக்கங்களுக்கு மட்டும்

முகவரியில் தமிழ் எழுத்து இருக்கலாம், தேடுபொறிக்கு அதில் சிக்கல் இல்லை. ஆனால் யுடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். சதவீதக் குறியிட்டால் 9 எழுத்து. 'தேடுபொறி' என்ற சொல்லில் உயிர்மெய்க் குறிகளையும் சேர்த்து எட்டுக் குறிகள், முகவரியில் அது 72 எழுத்து ஆகிறது. வேர்ட்பிரஸ் பதிவின் முகவரித் துண்டுக்கு 200 எழுத்துதான் இடம். அதாவது 22 தமிழ்க் குறிகள். நீண்ட தலைப்பு அதற்குமேல் வெட்டப்படும். வெட்டு சொல்லின் நடுவிலும், மெய்யிலிருந்து புள்ளியைப் பிரித்தும் விழலாம். ஒரே தொடக்கம் கொண்ட இரண்டு தலைப்புகள் வெட்டியபின் ஒன்றாகிவிட, இரண்டாவதன் வாலில் ஓர் எண் ஒட்டிக்கொள்ளும். பதிவை வெளியிடுமுன் முகவரித் துண்டை இரண்டு சொல்லுக்குக் கையால் சுருக்குங்கள்.

கொம்பும் காலும் சேர்ந்த ஒகர உயிர்மெய்க் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறிகளாகவும் எழுதலாம்; திரையில் வேறுபாடு தெரியாது. பழைய எழுத்துரு மாற்றிகளிலிருந்து வரும் உரையில் இரண்டாவது வகை அடிக்கடி கிடைக்கும். தேடுபொறி இதைச் சமாளித்தாலும் உங்கள் தளத்தின் உள் தேடலும், பக்கத்துக்குள் தாவும் இணைப்புகளும் சமாளிக்காமல் போகலாம். சேமிக்கும்போதே என்எஃப்சி என்ற, எல்லாவற்றையும் ஒரே மாதிரியாக்கும் யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ஆனால் ஔகாரத்துக்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டச்சு செய்திருந்தால் என்எஃப்சி காப்பாற்றாது, அவை உண்மையிலேயே வேறு எழுத்துகள். தரவுத்தளத்தில் 'ஒளவை'யைத் தேடி 'ஔவை'யாக்குவதுதான் வழி.

எச்டிஎம்எல் டேக்கில் மொழிக் குறியைத் தமிழ் என்று வையுங்கள். பக்கத்தின் மொழியைக் கூகுள் உரையைப் பார்த்தே கண்டுகொள்கிறது. இந்தக் குறி ஸ்கிரீன் ரீடரின் உச்சரிப்புக்கும் பிரவுசரின் எழுத்துருத் தேர்வுக்கும். தமிழ், ஆங்கிலம் என இரு பதிப்பு இருந்தால் எச்ரெஃப்லாங்கை இரண்டு பக்கத்திலும் எழுத வேண்டும், ஒவ்வொன்றும் தன்னையும் மற்றதையும் சுட்டி. ஒரு பக்கம் மட்டும் சுட்டினால் அந்த உறவைக் கூகுள் கணக்கில் எடுக்காது. தமிழ்ப் பக்கத்தின் கேனானிக்கல் ஆங்கிலப் பக்கத்தைக் காட்டக் கூடாது. காட்டினால் தமிழ்ப் பக்கம் நகலாகக் கருதப்பட்டு முடிவுகளிலிருந்து விலகும்.

எல்லாம் முடிந்ததும், தள உரிமையாளர்களுக்கான கூகுளின் கருவியான சர்ச் கன்சோலின் யுஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் முகவரியைக் கொடுத்து, நேரடிச் சோதனை நடத்தி, வரைந்த எச்டிஎம்எல்லைத் திறந்து கட்டுரையின் கடைசிப் பத்தியிலிருந்து ஒரு வாக்கியத்தைத் தேடுங்கள். நடுப்பத்தியைத் தேடினால் போதாது. பாதியில் நின்றுபோன ஸ்கிரிப்ட் கடைசிப் பத்தியில்தான் பிடிபடும். 'கூகுள் தேர்ந்த கேனானிக்கல்' என்ற வரி நேரடிச் சோதனையில் வராது, இண்டெக்ஸ் செய்த பதிப்பின் அறிக்கையில்தான் வரும். அதற்கு அடுத்த முறை பாட் வந்து போகும்வரை பொறுத்திருக்க வேண்டும்.